இரண்டாவது தேங்காய்

என் தம்பி செல்வகணேஷ் மாவை வீசினால் அது காற்றில் விரிந்து, அந்தப் பக்கம் நிற்கிறவன் முகம் தெரியும் அளவுக்கு மெலிந்து, ஒரு கிழிசல் இல்லாமல் பலகையில் வந்து படியும். மணக்காட்டில் அவன் வேலை பார்க்கிற ஹோட்டலுக்கு அந்தப் புரோட்டாவுக்காகவே ஆட்டோ பிடித்து ஆள் வருகிறது. இவ்வளவும் உண்மை. இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை.

'தம்பிக்கு என்ன வேலை?' என்று, தம்பிக்குப் பேசியிருந்த மீனுவின் அப்பா கேட்டபோது, 'கம்ப்யூட்டர் லைன்' என்றேன். அந்த ஹோட்டலில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதற்கும் புரோட்டாக் கல்லுக்கும் நடுவில் பத்தடி தூரம். அந்தப் பத்தடியை நம்பித்தான் சொன்னேன்.

நான் பொன்செல்வி. சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கிழக்குக் கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். 'இந்தக் கலர் சேச்சிக்கு நல்லா எடுப்பா இருக்கும்' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வாய் இது. இவ்வளவு பொய் சொல்கிற எனக்கு அடுத்தவர் பொய் உடனே பிடிபட்டுவிடும் என்று ஒரு தலைக்கனம் இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும். நான் எந்த மூலைக்கு?

ஹோட்டலுக்குப் புரோட்டா தின்ன வந்த ஒருவர்தான் வேலை இருக்கிறது என்று முதலில் சொன்னது. நெற்றியில் அகலமாகச் சந்தனம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவருக்குப் பெயர் ஏதோ உண்டு. நாங்கள் எல்லாரும் 'சார்' என்றே சொன்னோம். தாய்லாந்தில் ஒரு கம்பெனி, கஸ்டமரோடு கம்ப்யூட்டரில் பேசுகிற வேலை, மாசம் எண்பதாயிரம், சாப்பாடும் தங்க இடமும் அவர்களே தருவார்கள் என்றார். "இந்தக் கையில இருக்கிற ஸ்பீடு கீபோர்டுக்குப் போச்சுன்னா நீ எங்கயோ போயிருவ கேட்டோ" என்று அவர் சொன்னதை என் தம்பி நம்பினான். நானும்தான் நம்பினேன். வாய் தவறிச் சொன்ன பொய் தானாகவே உண்மையாகிறது என்றால் யாருக்குக் கசக்கும்?

அன்றிலிருந்து அவன் பண்ணிய கூத்தைச் சொல்லி மாளாது. பலகையில் மைதாவைத் தூவி, கட்டம் கட்டமாக ஏபிசிடி எழுதி, அதில் தட்டிப் பழகினான். இரண்டே விரல். மற்ற எட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். "ஏல, சால்னா ஊத்தவா?" என்று கேட்டால், "யக்கா, டிஸ்டர்ப் பண்ணாத" என்பான்.

சாரை நாங்கள் நம்பியது அவர் காட்டிய காகிதங்களைப் பார்த்து அல்ல. காகிதமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நம்பியது தேங்காயைப் பார்த்து.

இந்த ஊரில் பரீட்சைக்குப் போனாலும் ஆபரேஷனுக்குப் போனாலும் வெளிநாட்டுக்குப் போனாலும் முதலில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். அது போகிறவன் கேட்டுக்கொள்வது. அவன் நல்லபடி போய்ச் சேர்ந்தால் வீட்டில் உள்ளவர்கள் வந்து இன்னொரு தடவை உடைப்பார்கள். அது நேர்ச்சை. சார் ஒவ்வொரு கூட்டத்தை அனுப்பும்போதும் எல்லாரையும் பழவங்காடிக்குக் கூட்டிப்போய், தன் கைக்காசில் தேங்காய் வாங்கி உடைக்க வைப்பாராம். பிள்ளையார் முன்னால் கொண்டு நிறுத்துகிறவன் ஏமாற்றுவானா? எங்கள் ஆட்களுக்கு அந்த இடத்தில் மூளை செருப்போடு வெளியே நின்றுவிடும்.

பாஸ்போர்ட் வந்த அன்று அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டோம். மறுநாள், "தொலைஞ்சு போகாம நான் வச்சுக்கிறேன்" என்று சார் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டோம். ரேஷன் கார்டைப் பக்கத்து வீட்டில்கூடக் கொடுத்து வைக்காத குடும்பம் எங்களுடையது.

அடுத்த வெள்ளிக்கிழமை பயணம் என்று முடிவானது. நான் நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில், கோயில் பக்கம் தேங்காய் விற்கிற செல்லபாய் அக்காவிடம் சொல்லி வைக்கப் போனேன். களியக்காவிளைப் பக்கத்துக்காரி. தேங்காயை உரிப்பது போலவே ஆளையும் உரிப்பாள்.

"யக்கா, நூத்தெட்டு தேங்காய் வேணும். இப்ப இல்ல, தம்பி போய்ச் சேந்த பொறவு."

"நூத்தெட்டா? உன் தம்பி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறானா, இல்ல அந்த நாட்டையே வெலைக்கு வாங்கப் போறானா?"

"வேலைக்குத்தான்."

"கொண்டு போறது ஆரு?"

சொன்னேன். கையிலிருந்த தேங்காயை அவள் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தச் சந்தன சாரா? அப்பம் நான் எடுத்து வைக்க மாட்டேன் பிள்ளே. நீ வேற கடை பாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு எழுத்து தெரியாது. ஆனா தேங்காய் வாங்கின மொகம் ஓர்மை உண்டு. போகும்பம் ஒடச்சவன் வீட்டுல இருந்து ரெண்டாவது தேங்காய்க்கு ஆள் வரும். கல்ஃபுக்குப் போனவன் வீட்டுல இருந்து வரும், பட்டாளத்துக்குப் போனவன் வீட்டுல இருந்து வரும். பெத்த பிள்ளைய மறந்தாலும் அம்மைமாரு நேர்ச்சைய மறக்க மாட்டாவ. இந்த சார் ஒரு வருசத்துல ஏழு கூட்டம் கொண்டு வந்தாச்சு. ஏழுலயும் ஒரு அம்மையும் திரும்பி வரல்ல."

"வேற கடையில வாங்கியிருப்பாங்க."

"போனக்காட்டு மலையில தேயிலை எஸ்டேட் லயத்துல இருந்து வடிவம்மாள்னு ஒருத்தி வந்தா. மவன் அபிஜித்த வழியனுப்ப. பதினோரு தேங்காய அவளே குலுக்கிப் பாத்து, தட்டிப் பாத்து, அந்த மூலையில மாத்தி வச்சா. 'அவன் போய்ச் சேந்தேன்னு போன் பண்ணுனா மொத பஸ்ஸுல வந்துருவேன், ஆருக்கும் குடுத்துராத'ன்னா. அது மார்கழி. இப்பம் ஆனி."

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. என் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குகிறவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன்.

"இத்தனை நாளும் அவருக்குத் தேங்காய வித்துட்டு, இப்ப எனக்குப் புத்தி சொல்றீங்களா?"

அவள் எப்போதும் சூடாகப் பதில் கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை. "வாஸ்தவம்தான். ஒண்ணா பத்து இருவது எடுக்கிற ஆளு. நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

அவள் சொன்னது பொய் என்று அந்த இடத்திலேயே நிரூபித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. சாருக்குப் போன் போட்டேன். போனக்காட்டு அபிஜித்தின் அம்மாவோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும், பெற்றவள் வாயால் கேட்டால் எங்கள் அம்மாவுக்கு ஒரு தைரியம் என்றேன். "அதினென்தா சேச்சி, ஒண்ணும் பேடிக்கண்டா" என்று, பயப்பட ஒன்றுமில்லை என்பதைத் தேனாகச் சொல்லி, ஐந்தே நிமிஷத்தில் நம்பர் அனுப்பினார். நான் செல்லபாயை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

எதிரில் ஒரு பெண். "ஆமாம்மா, அபிஜித்தோட அம்மாதான் பேசறேன். பையன் ரொம்ப நல்லா இருக்கான். ஏசி ரூம்தான். சாரைத் தெய்வமா நம்பலாம்."

"நேர்ச்சைத் தேங்காய் பதினொண்ணும் ஒடச்சாச்சாம்மா?" என்றேன்.

"உடைக்காம இருப்பேனா? அவன் போய்ச் சேர்ந்த மறுநாளே வந்து பதினொண்ணும் உடைச்சுட்டேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செல்லபாய் மெதுவாகக் குனிந்து, போன் பக்கத்தில் வாயை வைத்து, சர்க்கரையாகக் கேட்டாள்: "ஏம்மோ, பதினோரு தேங்காயும் மலைக்கு எப்படிச் சொமந்துட்டுப் போனிய?"

"அதை ஏன் கேக்கறீங்க! பஸ்ல ஒரே கஷ்டம். உடைச்ச தேங்காய் அத்தனையையும் சாக்குல கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் சட்னிதான், குழம்புதான்."

நான் போனை அணைத்தேன்.

நேர்ந்து சிதற அடித்த தேங்காயில் ஒரு சில்லைக்கூட உடைத்தவள் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டாள். மற்றவர் பொறுக்கலாம், காக்காய் தின்னலாம். உடைத்தவளே குனிந்து எடுத்தால், கொடுத்ததைச் சாமியிடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டதாக அர்த்தம். எங்கள் ஊரில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும் இது. மகனுக்காக நேர்ந்த தேங்காயை எந்த அம்மா அரைத்துச் சட்னி வைப்பாள்?

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு வாரம் சட்னியாம்! சிரித்துக்கொண்டே இருக்கும்போது வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. செல்லபாய் என்னைப் பிடித்துச் சாக்கு மேல் உட்கார வைத்தாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மணக்காட்டுக்கு ஓடினேன். மூன்று மணி. ஹோட்டலில் கூட்டம் இல்லை. தம்பி முழங்கைவரை மாவோடு பிசைந்துகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு சட்னிக்காக எண்பதாயிரம் ரூவா வேலைய விடச் சொல்லுதியா?" என்றான்.

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அவன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் தோன்றியது.

"இந்த ஹோட்டல்ல சேரும்போது மொதலாளி உங்கிட்ட என்ன கேட்டாரு?"

"என்ன கேட்டாரு? மாவைக் கையில குடுத்து வீசுன்னாரு. ரெண்டு நாள் வீசுனேன். தின்னு பாத்துட்டுத்தான் சம்பளம் பேசுனாரு."

"தாய்லாந்துக்காரன் என்ன வீசச் சொன்னான்?"

அவன் கை நின்றது.

"டைப் அடிக்கச் சொன்னானா?"

"இல்ல."

"பின்ன என்னதான் கேட்டான்?"

"வீடியோவுல வந்தான். வீட்டுல எத்தனை பேருன்னான். அப்பா இல்லன்னேன். குட்னான். சொந்தத்துல போலீஸ், வக்கீல், பத்திரிகைக்காரன் யாராச்சும் உண்டான்னான். யாருமே இல்லன்னேன். வெரி குட்னான்."

இதை அவன் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தான். இன்டர்வியூவில் இரண்டு தடவை குட் வாங்கினான் என்று அன்று கேசரி கிண்டினேன். இப்போது அதே வார்த்தைகள் வேறு மாதிரிக் கேட்டன. இரண்டு நாள் பார்க்காமல் ஒரு புரோட்டா மாஸ்டரைக்கூட எவனும் எடுப்பதில்லை. இவன் வேலை தெரிந்தவனா என்று அவர்கள் பார்க்கவில்லை. இவனைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்களா என்றுதான் பார்த்தார்கள்.

தம்பிக்கும் அது உறைத்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "அப்ப மீனு வீட்டுல என்ன சொல்லப் போற? கம்ப்யூட்டர் லைன்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன். உன் வேலையச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சுல. தப்பு என் பேருலதான்." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். பில் கம்ப்யூட்டர்காரன் எட்டிப் பார்த்தான். பத்தடிதானே.

தம்பி ஒரு உருண்டை மாவை உருட்டி வைத்தான். "எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சுக்கா. அதனாலதான் அவன் சொன்ன ஒடனே விழுந்துட்டேன்" என்றான்.

அன்று சாயங்காலமே நானும் தம்பியும் செல்லபாயும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சட்னிக் கதையை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது என்று எனக்குக் கூச்சம். அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னதுதான் பயங்கரம். தாய்லாந்தில் இறக்குவார்கள், அங்கிருந்து வண்டியில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டு போவார்கள், முள்வேலி போட்ட கட்டிடம், வாசலில் துப்பாக்கி. உள்ளே உட்கார்ந்து, முகம் தெரியாத ஆட்களைப் போனில் ஏமாற்றிப் பணம் கறக்க வேண்டும். கறக்காதவனுக்கு அடி. பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார். சாரிடம் என்றோம். "அது அவன் பையில் இருக்கிற நேரத்தில்தான் அவனைப் பிடிக்கணும்" என்றார்.

அதற்குச் செல்லபாய் ஒரு வழி சொன்னாள். அதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் அம்மாவே சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சார் நாலு பையன்களோடு பழவங்காடிக்கு வந்தார். சந்தனம் அன்றைக்கு இன்னும் அகலம். தேங்காய் பொறுக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். என் தம்பி கையைக் கட்டிக்கொண்டு, பச்சைப் பிள்ளை மாதிரிக் கேட்டான்:

"சார், பாஸ்போர்ட்டப் பிள்ளையார் காலுல வச்சு வாங்கணும். அம்மா நேர்ந்திருக்கா."

"அதெல்லாம் ஏர்போர்ட்ல தரேன்டா."

செல்லபாய் கடையிலிருந்தே சத்தம் போட்டாள். "பின்னே வைக்காண்டாமா? சார் எவ்வளவு பக்தியுள்ள ஆளு! சாமிக்க கால்ல வைக்காம ஆராவது கடல் கடந்து போவாவளா?"

போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற மூன்று பையன்களும், "எங்களதும் வைக்கணும் சார்" என்றார்கள். ஏழு கூட்டத்தைப் பிள்ளையாரைக் காட்டி இழுத்தவர், எட்டாவது கூட்டத்தை எந்த வாயால் பிள்ளையாரிடம் போகாதே என்பார்? பையின் ஜிப்பைத் திறந்தார். நாலு பாஸ்போர்ட்டும் வெளியே வந்ததும், தேங்காய் பொறுக்கிய இரண்டு பெண்களும் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தார்கள். மஃப்டி போலீஸ்.

சாரின் போனில், அதுவரை அவர் அனுப்பிய இருபத்தாறு பேரின் அம்மாக்கள் என்று ஏழெட்டு நம்பர் இருந்ததாம். எந்த நம்பரை அடித்தாலும் எடுத்தது அவர் ஆபீசில் இருந்த ஒரே பெண். இருபத்தாறு ஆண்பிள்ளைகளைப் பெற்ற புண்ணியவதி, தேங்காய் உடைக்கத் தெரியாமல் போனாள்.

மீனு வீட்டுக்கு நானே போன் பண்ணி, என் தம்பி புரோட்டா மாஸ்டர் என்று சொன்னேன். திட்டுவார்கள் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்திருந்தேன். அந்தப் பெண் போனை வாங்கி, "அப்பிடியா? வந்து தின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். அப்பாவோடு வந்தாள். இரண்டு தின்றாள். மூன்றாவதும் கேட்டு வாங்கினாள். மேற்கொண்டு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என் தம்பி தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாவு பிசைகிறான்.

செல்லபாய் இப்போது வெளியூர் போகிறவர்களுக்குச் சும்மா தேங்காய் கொடுப்பதில்லை. "பாஸ்போர்ட் ஆரு கையில? வேலை குடுக்கிறவன் என்ன செய்யச் சொல்லிப் பாத்தான்? முன்ன போனவனுக்க அம்மைய நேர்ல பாத்தியா?" என்று மூன்று கேள்வி கேட்கிறாள். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போனால் பின்னாலேயே போய் அங்கேயும் கேட்கிறாள்.

போன வாரம் என் நேர்ச்சையைத் தீர்க்கப் போனேன். "போய்ச் சேந்தாத்தான நூத்தெட்டு? அவன் போவவே இல்லையே" என்று லேசாக இழுத்துப் பார்த்தேன்.

"வீட்டுக்கு வந்து சேந்தானில்லா? ஒடை."

உடைத்தேன். அறுபதுக்கு மேல் தோள்பட்டை கழன்றது. முடித்துவிட்டுக் கையெல்லாம் தேங்காய்த் தண்ணீரோடு அவள் கடைக்கு வந்து நின்றபோது, மூலையில் அந்தப் பதினோரு தேங்காய்களுக்கு முன்னால் ஒரு அம்மா குந்தியிருந்தாள். ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கி, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாமலே தெரிந்தது, வடிவம்மாள் என்று.

இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அபிஜித் ஒரே ஒரு தடவை பேசினானாம், அரை நிமிஷம். ஸ்டேஷனில் விசாரிக்க வரும்போதெல்லாம் அவள் இங்கே வந்து தேங்காயைப் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் பஸ் ஏறுகிறாள். தண்ணீர் வற்றிய காய்களைச் செல்லபாய் எடுத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் புதுக் காய் வைத்துவிடுகிறாள்.

"நீதானாம்மா அந்தத் தம்பியோட அக்கா?" என்று வடிவம்மாள் கேட்டாள். "தம்பி நல்லா இருக்கானா?"

நல்லா இருக்கான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஈரமான என் இரண்டு கையையும் அவள் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனாள்.

அவள் போன பிறகு, வண்டிக்குப் பூஜை போட வந்த ஒருவர் அந்த மூலையைக் காட்டி, "அதிலே நல்ல பெரிய காயா ஒண்ணு எடுங்க" என்றார்.

"அது விக்கிறதுக்கு இல்ல" என்றாள் செல்லபாய். "அதுக்கு ஆள் உண்டு. வரும்."